மேகத்தைத் திட்டிய பூங்காவனம்

மரக்காணம்
18 ஆகஸ்ட் 2025

அஸ்வினிக்கு,

உன் அண்ணி கலைமதி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. "இனிமே உங்ககிட்ட வாயத் தொறந்து ஒரு வார்த்த பேச மாட்டேன்" என்று போன ஆவணியில் உன் வளைகாப்பு வீட்டில், ஜனம் கூடியிருக்கும்போது சபதம் போட்டாய். நானும் அதற்குக் குறையாமல் ஒன்று போட்டேன். போனிலும் ஒருவரை ஒருவர் பிளாக் பண்ணி வைத்திருக்கிறோம். ஆனால் எழுதக்கூடாது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். இது பேச்சில் சேராது.

கிளியனூர் கடைகளுக்கு உப்பு போட வரும்போது உன் அண்ணன் இதைக் கொண்டுவந்து கொடுப்பார். நன்றாகக் கோந்து தடவித்தான் ஒட்டியிருக்கிறேன். அப்படியும் வழியில் வண்டியை நிறுத்திப் பிரித்துப் படிப்பார். படித்துவிட்டுப் போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். அருள்மொழி நம் உப்பளத்தில் எடுத்தாளே 'நாலாம் பாத்தி', அந்தப் படத்தைப் புதுச்சேரியில் கிழக்குக்கரை சர்வதேசத் திரைப்பட விழாவில் போட்டார்கள். எந்தெந்த நாட்டுப் படமெல்லாமோ போட்டிக்கு வந்திருந்தது. நேற்றுக் கடைசி நாள். மூன்று நடுவர்கள் மேடையில் ஏறி விருதுகளை வாசித்தார்கள். சிறந்த நடிகை என்று சொல்லி, 'பூங்காவனம் என்ற உப்பளத் தொழிலாளியாக நடித்த மரக்காணம் கலைமதி' என்றார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது. உன் அண்ணன் எழுந்து நின்று விசில் அடித்தார். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் பயந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பரிசைத் தனியாக விழா வைத்து செப்டம்பர் பதினாலாம் தேதி கொடுப்பார்களாம்.

சந்தோஷமாகத்தான் இருந்தேன், நடுவர் தலைவி பேசுகிறவரைக்கும். கொல்கத்தாவிலிருந்து வந்த அம்மா. படம் வெட்டி ஒட்டுகிற வேலையாம். மழை மேகத்தைப் பார்த்துப் பூங்காவனம் திட்டுகிற காட்சியில், அந்தக் குரல் தன்னை எழுந்து நிற்க வைத்துவிட்டது என்றார்.

அஸ்வினி, அந்தக் குரல் என்னுடையது இல்லை.

ஷூட்டிங்கில் பேசியதெல்லாம் காற்றுச் சத்தத்தில் வீணாகிவிட்டது. தை மாசம் என்னைச் சென்னைக்கு டப்பிங்குக்குக் கூட்டிப்போனார்கள். திரையில் என் வாய் அசைகிறது, அதற்குச் சரியாக நான் மறுபடி பேச வேண்டும். பேசினேன். பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி வாசிக்கிற மாதிரி வந்தது. "பரவாயில்லக்கா, நான் பாத்துக்கறேன்" என்று அருள்மொழி பஸ் ஏற்றிவிட்டாள். சென்னையில் இதற்கென்றே இருக்கிற ஆளை வைத்துப் பேசியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தியேட்டரில் பூங்காவனம் வாயைத் திறந்ததும் நான் என் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அப்படியே என் குரல். உன் அண்ணனே, "எப்ப போயி பேசிட்டு வந்த? சொல்லவே இல்ல?" என்கிறார். யார் பேசியது என்று அருள்மொழியைக் கேட்டால், "சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன்க்கா" என்று நழுவுகிறாள்.

என்னைப் போல் பேசிக் காட்டுகிற ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள். நீயா? ஆமாம், இல்லை, ஒரு வரி போதும்.

கலைமதி


கிளியனூர்
20 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய சிறந்த நடிகை அண்ணி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு மூலையில் டீ சிந்தியிருந்தது, ஆக அண்ணன் நிதானமாகப் படித்திருக்கிறது. (அண்ணா, இதையும் நீ படிப்பாய் என்று தெரியும். படித்ததும் மடித்து உள்ளே வை. போன தடவை மாதிரி கவரில் எண்ணெய்க் கை வைக்காதே.)

விருது கிடைத்ததில் மகிழ்ச்சி. நாங்கள் பேப்பரில் பார்த்தோம். என் வீட்டுக்காரர் தெருவில் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தார். நான் காட்டவில்லை.

குரல் யாருடையது என்று என்னைக் கேட்டால் எனக்கு எப்படித் தெரியும்? தமிழ்நாட்டில் கத்துகிற பெண்களுக்கா பஞ்சம்? நானோ கைக்குழந்தைக்காரி. குழந்தை, அடுப்பு, துணி, மறுபடி குழந்தை என்று என் பாடு போய்க்கொண்டிருக்கிறது.

எழுதலாம் என்று ஆகிவிட்டதால் என் மனதில் இருப்பதையும் எழுதிவிடுகிறேன். வளைகாப்பு அன்றைக்கு எல்லோரும் எனக்கு வளையல் போட்டார்கள். அண்ணி போட வேண்டிய பச்சை வளையல் மட்டும் தட்டிலேயே கிடந்தது. விளையாட்டுக்கு உங்களைப் போல் கொஞ்சம் பேசிக் காட்டினேன். நாலு பேர் சிரித்தார்கள். அதற்கு அண்ணனையும் இழுத்துக்கொண்டு விருட்டென்று போய்விட்டீர்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தை பிறந்ததற்கும் அண்ணன் மட்டும்தான் வந்தது. நான் அழவில்லை என்று நினைக்கிறீர்களா?

பொண்ணு செந்தமிழுக்குப் பதினோராவது மாசம் நடக்கிறது. செப்டம்பர் பதினாலு காலையில் கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அதனால் அண்ணன் வந்தால் போதும். இன்னும் சரியாகச் சொன்னால் அண்ணனுடைய மடி வந்தால் போதும்.

இப்படிக்கு,
அஸ்வினி வெற்றிச்செல்வன்


மரக்காணம்
23 ஆகஸ்ட் 2025

அஸ்வினி,

ஆமாம் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. பள்ளிக்கூடம் போகும் காலத்தில் ஊறுகாய் ஜாடியைக் காலி பண்ணிவிட்டு நிற்பாயே, அதே முகம் எழுத்தில் தெரிகிறது.

நான் சும்மா கேட்கவில்லை. என்னிடம் சாட்சி இருக்கிறது.

மேகத்தைத் திட்டுகிற காட்சிக்கு அருள்மொழி எழுதிக் கொடுத்த வசனம் எனக்கு மனப்பாடம். "ஏய், நில்லு அங்கியே! ஆறு மாசமா எட்டிப் பாக்கல. உப்பு வாரி அம்பாரம் கட்டற நாளாப் பாத்து பல்ல இளிச்சிகினு வர்றியா? போ, திண்டிவனம் பக்கம் போ. அங்க மல்லாட்ட வெதச்சவன் ஒனக்காகக் காத்துனு கெடக்குறான்!" இதோடு சரி. அப்புறம் நான் முதுகைக் காட்டிக்கொண்டு வரப்பில் நடந்து போகிறேன். வாயும் தெரியாது, வசனமும் கிடையாது.

ஆனால் தியேட்டரில், முதுகு போய்க்கொண்டே இருக்கும்போது ஒரு குரல் வருகிறது. அவ்வளவு கத்தின அதே குரல், ரொம்ப மெதுவாக: "சரி... சாப்ட்டியா?"

மேகத்தைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நடுவர் அம்மா அந்த வரியைத்தான் மேடையில் தமிழிலேயே சொல்லிப் பார்த்தார். "சாப்டியா" என்று வந்தது.

நான் யாரைத் திட்டினாலும் கடைசியில் அப்படிக் கேட்பேன் என்பது எனக்கே தெரியாது. உன் அண்ணனைக் கேட்டேன். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான இருக்குது. இது என்னா புதுசா கேக்கற?" என்றார். எங்களோடு ஒரே வீட்டில் சோறு தின்றவளுக்குத்தான் அது தெரியும். மாட்டிக்கொண்டாய்.

நீயும் உன் மனதில் இருப்பதை எழுதினாய், நானும் எழுதுகிறேன். நீ பேசிக் காட்டியதில் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு வரைக்கும் என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உன் மாமியார் வீட்டு ஜனம், ஷூட்டிங் ஆட்கள், அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களே, அப்போதுதான், 'அடக் கடவுளே, நான் இப்படியா கத்துகிறேன்? இத்தனை நாளும் எல்லோரும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்களா?' என்று உறைத்தது. உடம்பு கூசிவிட்டது. உட்கார முடியவில்லை.

டப்பிங்கிலும் அதுதான் நடந்தது. ஹெட்போனை மாட்டியதும் எனக்கு முதலில் அந்தச் சிரிப்புதான் கேட்டது. அதனால்தான் உறுதிமொழி வாசித்தேன். இன்றைக்கும் உப்பளத்தில் நான் சத்தம் போடுவதில்லை. மேஸ்திரி வேலையைக் கை காட்டியே பார்க்கிறேன். "அக்காவுக்கு ஒடம்பு செரியில்லையா?" என்று பொம்பளைகள் கேட்கிறார்கள். என் குரல் என்னைவிட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. அது தியேட்டரில் வந்து பேசினால் நான் யார் என்று கேட்க மாட்டேனா?

கலைமதி


கிளியனூர்
26 ஆகஸ்ட் 2025

அண்ணி,

ஆமாம். நான்தான்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பகல் முழுக்க எனக்கு எதுவும் ஓடவில்லை. உங்கள் குரலைப் பறித்தது நான்தான் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நீங்கள் கோபத்தில் இருக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். வெட்கப்படுவீர்கள் என்று கனவில்கூட நினைத்ததில்லை. நீங்கள் வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லையே.

தையில் அருள்மொழி என் வீட்டுக்கு லேப்டாப்போடு வந்தாள். "கலைமதி அக்காவுக்குப் பேச வரல. சென்னையில சில பேர வெச்சிப் பேசிப் பாத்தேன், எல்லாம் சீரியல் மாதிரி இருக்குது" என்று சொல்லி அந்தக் காட்சியைப் போட்டாள். சத்தம் இல்லாமல். வெயிலில், வெள்ளைப் பாத்திக்கு நடுவில் நீங்கள் நின்று கத்துகிறீர்கள். வாய் அசைகிறது, கை போகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. ஒரு சத்தமும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தெருமுனையிலேயே எனக்குக் கேட்கிற குரல். அது இல்லாமல் உங்கள் முகத்தைப் பார்க்கவே என்னால் முடியவில்லை. ஓவென்று அழுதேன். மடியில் இருந்த குழந்தையும் அழுதது. அருள்மொழி தண்ணீர் கொண்டுவரப் போய் என் மாமியார் மேல் மோதிக்கொண்டாள்.

"நான் பேசறேன். ஆனா அண்ணிக்குத் தெரியக்கூடாது" என்றேன். தெரிந்தால் அந்தப் படமே வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்ற பயம். தவிர, என் வாயால் உங்களிடம் பேச மாட்டேன் என்றுதானே சபதம்? உங்கள் வாய்க்குப் பேச மாட்டேன் என்று சொல்லவில்லையே.

வீட்டில் பேசிப் பேசிப் பழகினேன். ஒருநாள் மாமியார் கொல்லைப்பக்கத்திலிருந்து இரண்டு டம்ளர் காப்பியோடு வந்து, "கலைமதி வந்துக்குதா? எங்க?" என்று வீடு முழுக்கத் தேடியது. மாமியார் விருத்தாம்பாளையே ஏமாற்றிவிட்டேன் என்றால் நடுவர்கள் எம்மாத்திரம்?

அந்தக் கடைசி வரி நான் யோசித்துச் சொன்னது இல்லை. திரையில் உங்கள் முதுகைப் பார்த்தேன். நீங்கள் திட்டிவிட்டு அப்படித் திரும்பினால் அடுத்து அதுதான் வரும். தானாக வந்துவிட்டது. அருள்மொழி அழித்துவிடவில்லை.

இன்னொன்று சொல்கிறேன், கேளுங்கள். வளைகாப்பு அன்றைக்கு நீங்கள் பாதியில் எழுந்து போய்விட்டீர்கள். நான் பேசிக் காட்டியதில் கடைசி வரி இன்னும் பாக்கி இருந்தது. "சாப்ட்டியா?" என்று கேட்டு முடிக்கலாம் என்று இருந்தேன். அத்தனை கூத்தும் அந்த ஒரு வரிக்காகத்தான். அதுவரைக்கும் சிரிக்க வைத்து, அங்கே எல்லோரையும் அழ வைக்கலாம் என்று நினைத்தேன். தியேட்டரில் நடந்ததே, அது என் வளைகாப்பில் நடந்திருக்க வேண்டியது. உங்களுக்குத்தான் அவசரம்.

அண்ணி, ஒரு முக்கியமான விஷயம். இதை யாரிடமும் சொல்லாதீர்கள். நடிப்பு விருது வாங்குகிறவர் சொந்தக் குரலில் பேசியிருக்க வேண்டும் என்று அந்த விழாவில் ஒரு விதி இருக்கிறதாம். அருள்மொழி இப்போதுதான் கவனித்தாளாம், போனில் அழுகிறாள். தெரிந்தால் விருதைத் திரும்ப வாங்கிவிடுவார்கள். வெயிலில் நின்றது நீங்கள், கால் புண்ணானது உங்களுக்கு. விருது உங்களுடையது. வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

(அண்ணா, உனக்கும் சேர்த்துத்தான். வாயை மூடு.)

அஸ்வினி


மரக்காணம்
29 ஆகஸ்ட் 2025

அஸ்வினி,

சொல்லிவிட்டேன்.

நேற்று அருள்மொழியை இழுத்துக்கொண்டு பஸ் பிடித்துப் புதுச்சேரியில் விழா ஆபீசுக்குப் போனேன். நடுவர் தலைவி இன்னும் ஊருக்குப் போகவில்லை. மற்ற இரண்டு பேரையும் வீடியோ காலில் பிடித்தார்கள். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் வராது, நடுவில் இருந்த அருள்மொழிக்கு உதறலில் இரண்டுமே வரவில்லை.

"எங்க நாத்தனார் பேசனதுங்க. நீங்க எழுந்து நின்னது அவளுக்கு. பேரு அஸ்வினி, ஊரு கிளியனூரு. எழுதிக்குங்க" என்றேன். நடுவர் அம்மா உன் பேரை எழுதிக்கொண்டார். அப்புறம் மூவரும் கூடிப் பேச வேண்டும், விருதை நிறுத்தி வைக்கிறோம் என்றார். திரும்பி வரும்போது அருள்மொழி பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டாள். அனுமந்தை வந்ததும், "நல்ல வேல செஞ்சீங்கக்கா" என்றாள். எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று கேட்கவில்லை.

திரும்ப வாங்கினால் வாங்கட்டும். சிறந்த நடிகை என்று கூப்பிட்டபோது எனக்குக் குளுகுளுவென்றுதான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். இந்த வயதுக்கு மேல் யார் என்னை மேடைக்குக் கூப்பிடப் போகிறார்கள்? ஆனால் நீ பேசியதற்கு நான் போய் மாலை வாங்கிக்கொண்டு, நீ கிளியனூரில் துணி துவைத்துக்கொண்டிருப்பாயா? எனக்குச் சோறு இறங்காது.

கலைமதி


கிளியனூர்
30 ஆகஸ்ட் 2025

அண்ணி!

யாரைக் கேட்டுச் சொன்னீங்க? நான் என்ன எழுதினேன், நீங்க என்ன செஞ்சிட்டு வந்திருக்கீங்க? வாய மூடிகினு வாங்கிக்கங்கன்னு தமிழ்லதான எழுதினேன்? கூப்புட்டுக் குடுக்கற பரிச வேணாம்னு பஸ்ஸு புடிச்சிப் போயி சொல்ற ஆள இந்த ஜில்லாவுல பாத்துக்குதா யாராவது? வெயில்ல நின்னது யாரு? உப்புத் தண்ணியில பாதம் வெடிச்சது யாருக்கு? நான் ஏசி ரூம்ல ஒக்காந்து ரெண்டு நாளு கத்திட்டு வந்தேன், அவ்ளோதான். அதுக்கு இத்தன பெரிய மனசு காட்டணுமா? பெரிய அரிச்சந்திரன் வூட்டுப் பொண்ணு! அந்தப் பரிசு மட்டும் போச்சின்னு வெச்சிக்கங்க, உப்பளத்துக்கே வந்து நாலாம் பாத்தியில நின்னு கத்துவேன், பாத்துக்குங்க!

சரி... சாப்ட்டீங்களா?

அஸ்வினி

பி.கு.: இதை எழுதும்போது உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினேன். மாமியார் மறுபடியும் இரண்டு காப்பி போட்டுவிட்டது.


மரக்காணம்
5 செப்டம்பர் 2025

அஸ்வினி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அம்பாரத்தின் மேல் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். நான் இப்படித்தான் திட்டுவேன் என்றால், திட்டு வாங்குகிறவர்களுக்கு அவ்வளவு ஒன்றும் மோசமில்லை என்று தோன்றியது. சாப்பிட்டேன். நெத்திலிக் குழம்பு.

நடுவர்கள் முடிவு சொல்லிவிட்டார்கள். சிறந்த நடிகை விருது எனக்கு இல்லை. படகோட்டியாக நடித்த அசாம் பொண்ணு ஒருத்திக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் படத்தை நானும் பார்த்தேன், நன்றாகத்தான் செய்தாள். கொஞ்சம் வலித்தது. உனக்கு எழுதுவதில் என்ன வெட்கம்?

ஆனால் கேள். நடுவர்களுக்குள் பெரிய சண்டையாம். பிரெஞ்சுக்கார கேமராமேன் விதி விதிதான் என்று ஒற்றைக்காலில் நின்றாராம். மலையாளத்தில் கதை எழுதுகிற இன்னொருவர், குரலையும் முகத்தையும் வெட்டிப் பார்க்க நாம் என்ன கசாப்புக் கடையா வைத்திருக்கிறோம் என்று கேட்டாராம். கடைசியில் கொல்கத்தா அம்மா, "கலைமதிக்கும் கொடுக்க முடியாது, அஸ்வினிக்கும் கொடுக்க முடியாது. ஆனால் பூங்காவனத்தை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனசில்லை. அவளுக்கே கொடுப்போம்" என்றாராம். பிரெஞ்சுக்காரர் முதல் ஆளாகக் கையைத் தூக்கினாராம்.

அதனால் நடுவர் குழுவின் சிறப்பு விருது, பூங்காவனம் என்கிற பெண்ணுக்கு. சான்றிதழில் அந்தப் பெயர்தான் இருக்கும். இல்லாத ஒருத்திக்கு விருது! அவள் வந்து வாங்க முடியாது என்பதால் அவளுக்கு முகம் கொடுத்தவளும் குரல் கொடுத்தவளும் சேர்ந்து மேடை ஏற வேண்டுமாம். ஒருத்தி மட்டும் வந்தால் கொடுக்க மாட்டார்களாம். அதையும் எழுதியே அனுப்பியிருக்கிறார்கள்.

பதினாலாம் தேதி சாயந்திரம். காலையில் உன் வீட்டுக் காதுகுத்து. அதற்கு நீ என்னைக் கூப்பிடவில்லை, உன் அண்ணன் மடியை மட்டும்தான் கூப்பிட்டாய். நான் உன்னை மேடைக்குக் கூப்பிடுகிறேன். வருவாயா? மேடையில் என்னோடு நீ பேச வேண்டியதில்லை. பக்கத்தில் நின்றால் போதும், உன் சபதத்துக்கு ஒன்றும் ஆகாது.

கலைமதி


கிளியனூர்
7 செப்டம்பர் 2025

அண்ணிக்கு,

என் அருமை மகள் செந்தமிழுக்குக் காதுகுத்து விழா. கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில். தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வர வேண்டியது. தாய்மாமனும் அத்தையும் முதல் பந்தியில் உட்கார வேண்டியது.

அழைப்பு வைத்துவிட்டேன். இனி கண்டிஷன்.

முதலாவது, அந்தப் பச்சை வளையல். மரக்காணம் பஜாரில் சர்புன்னிசா அக்கா கடையில் வாங்கியது என்று அம்மா சொன்னது. தட்டில் கிடந்ததை எடுத்து வைத்திருந்தேன், போன மாசம் பாத்திரம் விழுந்து உடைந்துவிட்டது. அதே கடையில் அதே பச்சையில் புதுசு வாங்கிக்கொண்டு வரவும். பிள்ளை பெற்றவளுக்கு எதற்கு வளைகாப்பு வளையல் என்று யாராவது கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, அண்ணன் உப்பு ஏற்றுகிற அந்தக் குட்டியானை வண்டியைக் கழுவ வேண்டும். கோயில் முடிந்து எல்லோரும் அதிலேயே புதுச்சேரிக்குப் போய்விடலாம். மேடையில் என் பட்டுப்புடவையில் உப்பு பூத்திருந்தால் நான் பொறுப்பில்லை. (அண்ணா, படித்தாயா? சோப்பு போட்டுக் கழுவு.)

கடைசிக் கண்டிஷன்தான் பெரிசு. சமையலுக்குச் சிங்காரத்தைப் பிடித்திருக்கிறோம். கைமணம் உண்டு, ஆனால் ஒரு பந்தி முடிந்த பிறகுதான் சாம்பாருக்கு உப்பு போட்டோமா என்று யோசிக்கிற ஆள். அவரைத் திட்ட ஆள் வேண்டும். கை காட்டிக்கொண்டு நிற்கிற அண்ணி எனக்கு வேண்டாம். முழுக் குரலோடு வருவதாக இருந்தால் வாருங்கள். எனக்குக் கேட்டு ரொம்ப நாளாகிறது. நானே பேசிக் கேட்டு அலுத்துவிட்டது.

வருவேன். மேடைக்கும் வருவேன்.

அஸ்வினி


மரக்காணம்
16 செப்டம்பர் 2025

அஸ்வினி,

முந்தாநாள் முழுக்கப் பேசித் தீர்த்துவிட்டோம். வண்டியில் போகும்போது நாம் போட்ட சத்தத்தில் உன் அண்ணன் இரண்டு தடவை ஹாரனை அழுத்த மறந்தார். இனிமேல் எழுத என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். ஒரு விஷயம் இருக்கிறது. நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் மாமியாரும் குழந்தையும் பக்கத்தில் இருந்தார்கள், அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

மேடை விஷயம் இல்லை. அது நன்றாகவே நடந்தது. மைக்கை உன்னிடம் கொடுத்ததும் நீ என் குரலில் கூட்டத்தைத் திட்ட, அந்த அம்மா மறுபடி எழுந்து நின்று கை தட்ட, பச்சை வளையல் குலுங்க நீ சான்றிதழைத் தூக்கிக் காட்டியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பிரெஞ்சுக்காரர் வந்து, "சாப்தியா?" என்று என்னைக் கேட்டார். நான் நிஜமாகவே கேட்கிறார் என்று நினைத்து, காலையில் சாப்பிட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் சொல்ல வந்தது காலையில் கோயிலில் நடந்தது.

செந்தமிழ் என்னைப் பார்த்ததே இல்லை. மொட்டை அடித்த தலையில் சந்தனத்தோடு மாமன் மடியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள். சரிதான், யாரோ என்று நினைக்கிறாள், தப்பு என்னுடையது என்று நானும் தள்ளியே நின்றேன். பத்தர் ஒரு காதைக் குத்தியதும் கோயிலே அதிர்கிற மாதிரி வீறிட்டாள். உன் அண்ணனால் பிடிக்க முடியவில்லை. நீ கொஞ்சுகிறாய், உன் வீட்டுக்காரர் கிலுகிலுப்பையை ஆட்டுகிறார், அவள் யாரையும் பார்க்கவில்லை. பத்தர் அடுத்த கம்பியை அவள் கண்ணுக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"யோவ் பத்தரே! கம்பியக் கண்ணுக்கு நேரா காட்டிகினு கொழந்தைய மெரட்டிகினு நிக்கறியா? பின்னாடி வெச்சிக்கய்யா அத! ஏம்பா, மாமன்காரரே, நீ என்னா உப்பு மூட்டையா புடிச்சிக்கற? நல்லா அணைச்சிப் புடி!"

ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த குரல். குதிரைச் சிலைப் பக்கம் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் எனக்கு அப்போது உறைத்திருக்காது.

உன் மகள் அழுகையை டக்கென்று நிறுத்தினாள். நீ பத்தரைப் பார்த்துக்கொண்டிருந்தாய், கவனித்திருக்க மாட்டாய். அவள் முதலில் உன் வாயைப் பார்த்தாள். அது மூடியிருந்தது. என் வாயைப் பார்த்தாள். மறுபடி உன் வாய், மறுபடி என் வாய். வீட்டுச் சாமான் ஏதோ அடுத்த வீட்டில் இருப்பதைக் கண்டுபிடித்தவள் மாதிரி முழித்தாள். அதற்குள் பத்தர் மறு காதையும் குத்திவிட்டார். அவள் அழவே இல்லை.

எனக்குப் புரியவில்லை. கிட்டே போய், "சரி... சாப்ட்டியா?" என்றேன்.

கண்ணில் தண்ணீர் வழிய வழிய, குருவிக் குஞ்சு மாதிரி ஆவென்று வாயைத் திறந்தாள்.

சர்க்கரைப் பொங்கலில் ஒரு துளி எடுத்து ஊட்டினேன். முழுங்கிவிட்டு மறுபடி திறந்தாள். பந்தியில் உன் மாமியாரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "அது தெரியாதா ஒனக்கு? தெனமும் ஒன்னோட கொரல்லதாம்மா சோறு ஊட்டுறா. அப்படிக் கேட்டாத்தான் பாப்பா வாயத் தொறக்குது" என்றது.

படத்துக்குப் பேசி முடித்தது தை மாசம். அப்போது அவள் சோறு தின்னவே ஆரம்பித்திருக்க மாட்டாள். ஆக இது படத்துக்காகப் பழகியது இல்லை. நான் உன் வாசப்படி மிதிக்காமல் இருந்த நாளெல்லாம், வேளை தவறாமல் உன் வீட்டுக்குள் என்னைக் கூப்பிட்டு வைத்திருக்கிறாய். எனக்கு விருது அதுதான், அஸ்வினி. நேரில் சொல்ல முடியாமல் போனது இதைத்தான்.

சான்றிதழோடு கொடுத்த பூங்காவனத்தின் வெண்கலக் கேடயம் இப்போதைக்கு உன் வீட்டிலேயே இருக்கட்டும். உப்புக் காற்றில் இங்கே பச்சை பூத்துவிடும். சீசன் முடிந்து மழை பிடித்ததும் நான் வந்து எடுத்துக்கொள்கிறேன், தையில் திருப்பிக் கொடுக்கிறேன். இன்றைக்கு நாலாம் பாத்தியில் நின்று கத்திப் பார்த்தேன். ரோட்டில் போன பஸ் யாரோ நிறுத்தச் சொல்லிக் கத்துகிறார்கள் என்று நின்றுவிட்டதாம். பொம்பளைகளுக்கு ஒரே குஷி.

போனில் உன்னை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். நீயும் எடு. செந்தமிழ் சோறு தின்ன அடம் பிடித்தால் நீ தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே. எனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வை. நானே கேட்கிறேன்.

உன் அண்ணி
கலைமதி